மேன்ஷன்

ஆங்கிலத்தில் மேன்ஷன் என்றால் மாளிகை. திருவல்லிக்கேணியில் வேறு: 8-க்கு 10 அடி அறை, இரண்டு கட்டில், கீழே பாயில் ஒரு 'விருந்தாளி', வராந்தாக் கோடியில் பொதுக் கழிப்பறை. காலை ஏழுக்கு வாளியோடு வரிசையில் நின்றவனுக்குத்தான் அந்த மாளிகையின் மகிமை தெரியும். (அந்தச் சொல்லின் லத்தீன் வேருக்குப் பொருள் வெறும் 'தங்குதல்'தான். அப்படிப் பார்த்தால் நாங்கள்தான் சரி!)

2003-ல் நான் இருந்த இடத்தில் மூட்டைப்பூச்சிகளும் வாடகை தராமல் தங்கியிருந்தன. மேனேஜர் மாடியேறும் செருப்புச் சத்தம் கேட்டால் பாய்க்காரன் மெரினாவுக்குக் காற்று வாங்கக் கிளம்பிவிடுவான். சேப்பாக்கத்தில் மேட்ச் என்றால் இரைச்சல் மொட்டைமாடி வரை வரும், டிக்கெட் இல்லாமலே.

"எங்கப்பா தங்கியிருக்க?" என்று அம்மா போனில் கேட்டார்.

"மேன்ஷன்லம்மா."

பக்கத்து வீட்டு அத்தையிடம் போய், மகன் பங்களாவில் இருக்கிறான் என்று சொல்லிவிட்டார்.