கட்டுப் போட்ட காலும் கட்டிய பணமும்

நேற்று முன்தினம் பாங்க்கிலிருந்து மெசேஜ் வந்தது: 5,844 ரூபாய் வரவு. கால் உடைந்து போக முடியாமல் கேன்சல் செய்த விமான டிக்கெட்டின் பணம். மாவுக்கட்டைப் பிரித்துப் பத்து நாள் ஆகிவிட்டது. பணத்தை விடக் கால் முந்திக்கொண்டது.

கோத்தகிரிப் பக்கம் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில்தான். ஐப்பசியில் எங்கள் வீட்டுப் படிகள் பாசி பிடித்துக் கிடக்கும். காயப்போட்ட துணியை எடுக்க ஓடினேன், நான்காவது படியில் வழுக்கிவிட்டது. எக்ஸ்ரே, கணுக்காலில் எலும்பு முறிவு, மாவுக்கட்டு, ஆறு வாரம் ஓய்வு. மறுநாள் காலை 10.40க்குக் கோவையிலிருந்து டெல்லிக்கு விமானம். அக்கா வீட்டுக்குப் போக எனக்கும் அம்மாவுக்கும் சேர்த்து 14,260 ரூபாய் டிக்கெட். இன்ஷூரன்ஸ் இல்லை. ஆளுக்கு 199 ரூபாய் என்று ஒரு கட்டம் டிக் ஆகியிருந்தது, "உட்கார்ந்துட்டுப் போறதுக்கு எதுக்கு இன்ஷூரன்ஸ்" என்று அதை எடுத்தது நான்தான். வீட்டுக்காரர் இதை இந்த ஜென்மத்தில் மறக்கப் போவதில்லை.

டிக்கெட் ஞாபகமே இரவு ஒன்பது மணிக்குத்தான் வந்தது. எங்கள் வீட்டில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து மூலை. மூடுபனியில் அங்கே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, ஒரு ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்து, தலையில் மஃப்ளரோடு உட்கார்ந்தேன். டிக்கெட் வாங்கிய ஆப்பின் உதவி எண்ணில் இருபத்தைந்து நிமிடம் பாட்டு. கடைசியில் எடுத்த பையன், "மெடிக்கல் கேஸ் மேடம், கேன்சல் பண்ணாதீங்க. டாக்குமெண்ட் அனுப்புங்க, முழுசா வந்துடும்" என்றான். அவன் குரலில் அவ்வளவு அக்கறை. நானும் நம்பிவிட்டேன்.

நல்லவேளை, எதிர்வீட்டுப் பையன் குன்னூரில் ஒரு டிராவல்ஸில் வேலை பார்க்கிறான். "அக்கா, முதல்ல கேன்சல் பண்ணுங்க. விமானம் கிளம்பிடுச்சுன்னா நீங்க வராதவங்க கணக்கு. அப்புறம் டாக்டர் சீட்டு காட்டினாலும் காது கொடுக்க மாட்டாங்க" என்றான். பதினொன்றேகாலுக்குக் கேன்சல் பட்டனை அழுத்தினேன். திரும்பக் கிடைக்கும் தொகை 1,872 ரூபாய் என்று திரையில் வந்தது. வயிறு எரிந்தது. அதற்குக் கீழே, பணம் 'வாலட்'டுக்குப் போகும்படி அவர்களாகவே தேர்ந்தெடுத்து வைத்திருந்தார்கள். அதை மாற்றி, பணம் கட்டிய கார்டுக்கே என்று போட்டேன். இதைக் கவனிக்காமல் விட்டால் பணம் அவர்கள் கடையிலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

அந்த 1,872 யாரும் பரிதாபப்பட்டுக் கொடுத்ததில்லை. கேன்சல் கட்டணம் என்ற பெயரில் அடிப்படைக் கட்டணம், எரிபொருள் கட்டணம் இரண்டுக்கு மேல் பிடிக்கக் கூடாது என்பது சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் விதி. விமான நிலையக் கட்டணம், வரி போன்றவற்றை எவ்வளவு மலிவு டிக்கெட்டானாலும், விமானத்தைத் தவறவிட்டாலும்கூடத் திருப்பித் தரவேண்டும். பலர் "நான்-ரிஃபண்டபிள்" என்ற சொல்லைப் பார்த்துவிட்டு இதைக்கூடக் கேட்பதில்லை. அடிப்படைக் கட்டணம் வேறு விஷயம். என் டிக்கெட்டில் அது திரும்பாது என்றே எழுதியிருந்தது. உடம்பு சரியில்லை என்று கேட்டால் தருவதும் தராததும் அவர்கள் மனது.

சரி, கேட்டுப் பார்ப்போம் என்று தம்பியைப் பீளமேட்டுக்கு அனுப்பினேன். அதுதான் முழு வீண். குஞ்சப்பனைக்குக் கீழே மண் சரிந்து ஒன்றரை மணி நேரம் பஸ் நின்றது. மேட்டுப்பாளையத்தில் வேறு பஸ் பிடித்து, விமான நிலையம் போய்ச் சேரும்போது மதியம் இரண்டு. டிக்கெட் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், வெளியே இருந்த கவுண்டர்தான். அங்கிருந்த பெண் பி.என்.ஆர். எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஏஜென்ட் புக்கிங் சார், நாங்க தொட முடியாது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாராம். ஆப்காரர்களைக் கேட்டால், "ஏர்லைன்ஸ் அப்ரூவல் தந்தாத்தான்." இந்தப் பந்தாட்டம் இரண்டு வாரம் ஓடியது. ஏஜென்ட் மூலம் வாங்கினாலும் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துடையதுதான் என்று அதே விதியில் இருக்கிறது. அன்றைக்கே தெரிந்திருந்தால் தம்பியின் ஒரு நாள் லீவு மிஞ்சியிருக்கும்.

அப்புறம் சான்றிதழ். முதலில் நான் அனுப்பியது ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டு: "ஆறு வாரம் ஓய்வு." விமான நிறுவனத்திலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். "வீல்சேர் போட்டுத் தர்றோமே மேடம், நீங்க பறந்திருக்கலாமே?" எனக்கு என்ன பதில் சொல்வதென்றே தெரியவில்லை. ஓய்வு என்று எழுதினால் போதாது, விமானத்தில் போகக் கூடாது என்று எழுதியிருக்க வேண்டும். புதிதாகப் போட்ட கட்டுக்குள் பறக்கும்போது கால் வீங்கலாம், அதனால் முதல் 48 மணி நேரத்துக்குள் போக வேண்டியிருந்தால் கட்டைப் பிளந்துவிட்டுத்தான் ஏற்றுவார்கள் என்று டாக்டரே பிறகு சொன்னார். அதை முதல் நாளே எழுதித் தந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். ஆனால் அவரிடம் அன்றைக்கு நான் கேட்கவும் இல்லை.

இரண்டாவது சான்றிதழும் திரும்பி வந்தது. காரணம், பெயர். ஆஸ்பத்திரியில் எல்லோரையும் போல இனிஷியல் முன்னால், பெயர் பின்னால். டிக்கெட்டிலோ அப்பா பெயர் முழுதாகப் பின்னால் நிற்கிறது. நம் ஊரில் பாதிப் பேருக்கு இப்படித்தான். டெல்லியிலோ குர்கானிலோ உட்கார்ந்து சரிபார்க்கிறவருக்கு இது இரண்டு ஆள். "பயணியும் நோயாளியும் ஒருவர் அல்ல" என்று மெயில் வந்தபோது, கட்டுப் போட்ட காலை போட்டோ எடுத்து அனுப்பலாமா என்றுகூட யோசித்தேன்.

மூன்றாவது முறை ஆட்டோ வைத்துக்கொண்டு நானே போனேன். எலும்பு டாக்டர் லீவு, சனிக்கிழமை. பதிவு அறையில் இருந்தவர், "திங்கட்கிழமை வாங்க" என்பதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. திங்கட்கிழமை போனேன். என்ன வேண்டும் என்பதை ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டு போயிருந்தேன்: ஆதாரில் உள்ளபடி பெயர், அடைப்புக்குள் டிக்கெட் பெயர், விழுந்த தேதி, பயணத் தேதி, 'விமானப் பயணத்துக்குத் தகுதி இல்லை' என்ற வார்த்தை, டாக்டரின் பதிவு எண், முத்திரை. டாக்டர் பார்த்துச் சிரித்துவிட்டு அப்படியே எழுதித் தந்தார். முத்திரை மை காய்ந்து போயிருந்தது. நர்ஸம்மா அந்த ரப்பர் முத்திரையை வாய்க்குப் பக்கத்தில் வைத்து 'ஹா' என்று இரண்டு தரம் ஊதி, முழு பலத்தோடு அழுத்தினார். பதிவு எண் பளிச்சென்று விழுந்தது. வெளியே வந்து, ஆட்டோவிலேயே மூன்று கோணத்தில் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

இந்த முறை உதவி எண் பக்கமே போகவில்லை. ஒவ்வொரு விமான நிறுவனத்தின் இணையதளத்திலும் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரியின் மெயில் முகவரி இருக்கும், அவர் முடிவு சரியில்லை என்றால் மேல்முறையீட்டு அதிகாரியின் முகவரியும் இருக்கும். நோடல் அதிகாரிக்கு எழுதிவிட்டு, அதே கடிதத்தை விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்திலும் புகாராகப் பதிந்தேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், நான்காம் நாள் விமான நிறுவனத்துக்காரர்களே போன் செய்தார்கள். அதுவரை நான் கூப்பிட்டால் பாட்டுத்தான்.

"உங்க டிக்கெட்டுக்கு மட்டும் ஒரு வருஷத்துக்கு கிரெடிட் தர்றோம் மேடம்" என்றார் ஒருவர். ஒரு வருஷத்துக்குள் நான் மறுபடி பறப்பேன் என்று யார் கண்டது? கிரெடிட்டாக வைத்துக்கொள்வது பயணியின் விருப்பம், அவர்களாகத் திணிக்கக் கூடாது என்றும் அந்த விதியில் இருக்கிறது. அதைப் படித்துக் காட்டினேன். ஒரு நிமிடம் மௌனம். "மெயில்ல போடுங்க மேடம்." போட்டேன். அடுத்த பதினோரு நாளில் வந்ததுதான் அந்த 5,844, என் டிக்கெட்டின் அடிப்படைக் கட்டணம். ஆப்காரர்களின் வசதிக் கட்டணம் ஆளுக்கு 350 போனது போனதுதான்.

அம்மாவின் அடிப்படைக் கட்டணம் வரவில்லை. "அவங்களுக்கு ஒண்ணும் ஆகலையே, அவங்க டிராவல் பண்ணியிருக்கலாமே" என்கிறார்கள். எழுபத்திரண்டு வயதில், இந்தி தெரியாமல், கோத்தகிரியைத் தாண்டித் தனியாகப் போகாத மனுஷி. இரண்டு பேரும் ஒரே பி.என்.ஆர்., துணையில்லாமல் போக முடியாதவர் என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். எனக்கு அப்போது தோன்றவில்லை.

மேல்முறையீட்டு அதிகாரிக்கு நேற்று எழுதிவிட்டேன். அவரும் கைவிரித்தால் 1915 என்ற போன் எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம், அப்புறம் ஊட்டியில் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரைக்கும் அங்கே வழக்குக் கட்டணம் கிடையாது. "ஊட்டிக்குப் போக வர ஆகுற செலவையும் சேர்த்துக் கேளு" என்கிறார் அம்மா.