குறி, வாக்கு, ஜாதகம்: ஆடி மாதக் குறிப்புகள்

ஜூலை 20, ஞாயிறு. அம்மாப்பேட்டை

விடிந்தும் விடியாமலும் தெருவில் குடுகுடுப்பைச் சத்தம். "நல்ல காலம் பொறக்குது" என்று ஜக்கம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு அடுத்த வாசலுக்கு நகர்ந்தார். அம்மாயி அரைப்படி அரிசியும் அப்பாவின் பழைய சட்டை ஒன்றும் கொடுத்துவிட்டு உள்ளே வந்து, "குடுகுடுப்பைக்காரன் வந்துட்டுப் போறான்" என்றார். அந்த மனிதருக்கு அறுபது வயதாவது இருக்கும்.

இதே அம்மாயி, செவ்வாய்ப்பேட்டையில் ஜாதகம் பார்க்கும் இளைஞரைப் பற்றிப் பேசும்போது "ஜோசியர் சொன்னாருங்க" என்பார். அவருக்கு என் வயதுகூட இருக்காது. நம் வாசலுக்கு வருகிறவன் 'க்காரன்', நாம் வாசல் ஏறிப் போகிறவர் 'ர்'. கிளி ஜோசியக்காரன், கைரேகை பார்க்கும் குறத்தி எல்லாரும் முதல் கணக்கில்தான் வருவார்கள். காசிலும் அப்படித்தான். ஜோசியருக்கு வெற்றிலை பாக்கின் மேல் வைத்துத் தருவது தட்சிணை. குடுகுடுப்பைக்காரருக்குப் போடுவது பிச்சை. இரண்டு பேரும் சொல்வது என்னவோ நல்ல காலத்தைத்தான்.

ஜூலை 23, புதன்

ஏற்காட்டில் இருந்து சித்தப்பா பேசினார். மூன்று நாளாக மூடுபனியும் தூறலுமாம். "ரமணன் என்னப்பா சொல்றார்?" என்று கேட்டார். சென்னை வானிலை மையத்தின் ரமணன் 2016இல் ஓய்வு பெற்றுவிட்டார். சித்தப்பாவுக்கு இன்னும் மழை சொல்கிற எல்லாருமே ரமணன்தான். சொன்ன மழை வராத அன்றைக்கு மட்டும் அவர்கள் "ஜோசியக்காரங்க" ஆகிவிடுவார்கள்.

ஜூலை 25, வெள்ளி

பங்காளிகள் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். பம்பைக்காரர்கள் இரண்டாவது சுற்று அடிக்கும்போதே மாமாவுக்கு அருள் வந்துவிட்டது. மாமா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், அதிர்ந்து பேசாத ஆள். கையில் வேப்பிலைக் கொத்து. தன்னைவிடப் பத்து வயது மூத்த என் அம்மாவைப் பார்த்து, "ஏ புள்ள, என்னை மறந்துட்டியா?" என்று அதட்டினார். அம்மா தம்பி முன்னால் கைகட்டி நின்று, "மறக்கலை சாமி, நீயே சொல்லு" என்றார். அயோத்தியாப்பட்டணம் பக்கம் இருக்கிற மனையை விற்கலாமா என்பதுதான் கேள்வி. "மூணு வெள்ளிக்குள்ள வழி காட்டுறேன்" என்று வாக்கு வந்தது. முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள், எலுமிச்சையைப் பிழிந்து வாயில் விட்டார்கள். மூச்சு அடங்கியதும் அம்மா பழையபடி அக்கா ஆகி, "டேய், டீ குடிக்கிறியா?" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒருவர்கூட "மாமா சொன்னார்" என்று சொல்லவில்லை. "சாமி சொல்லுச்சு", "வாக்கு வந்துச்சு". எல்லாம் அஃறிணை. மூன்று வெள்ளியில் வழி பிறக்காவிட்டாலும் மாமாவை யாரும் கேட்க முடியாது. சொன்னது அவர் இல்லையே! ஜோசியருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. கட்டம் போட்டு, கையெழுத்தோடு எழுதிக் கொடுத்து மாட்டிக்கொள்கிறார்.

ஜூலை 27, ஞாயிறு

பழைய பாட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். இந்தத் தொழிலில்தான் எத்தனை ஆட்கள்! மகள் ஏன் இளைத்தாள் என்று தாய் கேட்டால், முறத்தில் நெல்லைப் போட்டு எண்ணிச் சொல்கிறவள் கட்டுவிச்சி. கழற்சிக்காயை உருட்டிப் பார்த்து, ஆடு அறுத்து, முருகன் அருள் வந்து வெறியாடுகிறவன் வேலன். மகளுக்குக் காதல் என்று தோழிக்குத் தெரியும், படிக்கும் நமக்கும் தெரியும், வேலனுக்கு மட்டும் தெரியாது. குறுந்தொகையில் ஔவையார் பாட்டில் குறி சொல்லும் அகவன் மகள் காதலனின் மலையைப் பாட, "அவர் மலையை இன்னொரு தடவை பாடு" என்று தோழி நைசாக எடுத்துக் கொடுக்கிறாள். குறி கேட்க வந்த இடத்தில் தாய்க்குச் சேதி போய்ச் சேர்ந்துவிடும்.

அரசனுக்கு நாளும் கோளும் கணித்துச் சொல்லும் கணி என்றால் வேறு தரம். செங்குட்டுவன் வடநாட்டில் நிலாவை நிமிர்ந்து பார்த்த மாத்திரத்தில், வஞ்சியை விட்டு வந்து 32 மாதம் ஆயிற்று என்று சொல்கிறான் சிலப்பதிகாரக் கணி. வருங்காலம் சொல்வதற்கு முன்னால் நாள்கணக்கு ஒழுங்காக வைத்திருக்க வேண்டும். நம் ஊர்ப் பக்கம் பரம்பரையாக ஜாதகம் எழுதும் வள்ளுவர் வீடுகளில் கிழியக் கிழிய இருக்கும் பஞ்சாங்கங்களைப் பார்த்தால் இது விளங்கும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப் பதினெட்டு

மாமாவின் வாக்குக்கு அம்மாவால் காத்திருக்க முடியவில்லை. மாரியம்மன் கோயிலில் பூ கேட்டோம். வெள்ளரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், இரண்டுக்கும் ஒரே மாதிரி வாழையிலைக் கட்டு. வெள்ளை வந்தால் விற்கலாம் என்று பேச்சு. அங்கே விளையாடிக்கொண்டிருந்த யார் வீட்டுக் குழந்தையையோ கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொன்னார்கள். எடுத்துக் கொடுத்துவிட்டு, சர்க்கரைப் பொங்கலுக்குக் கை நீட்டியது.

முல்லைப்பாட்டிலும் இப்படித்தான். முதிய பெண்கள் நெல்லும் முல்லைப்பூவும் தூவி, நற்சொல் காதில் விழாதா என்று விரிச்சிக்காக நிற்கிறார்கள். குளிரில் நடுங்கிக்கொண்டு, "உன் அம்மா இப்போ வந்துடுவா" என்று கன்றுக்குட்டியைச் சமாதானப்படுத்துகிறாள் ஒரு இடைப்பெண். போருக்குப் போன தலைவன் வருவான் என்பதற்கு அதுவே வாக்கு. தான் குறி சொன்னது அவளுக்கே தெரியாது. எதிர்வீட்டு அக்காவோ வாயைத் திறக்கவே பயப்படுகிறார். "பாத்துப் போ, வழுக்கும்" என்று ஒருமுறை சொல்லி, கேட்டவர் வழுக்கி விழுந்ததில் இருந்து அவருக்குக் கருநாக்கு என்று பெயர்.

பொட்டலத்தைப் பிரித்தால் செவ்வரளி. அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. மாமா இன்னொரு தடவை கேட்கலாம் என்றார். அம்மாயிதான் வழி சொன்னார்: "ஆடி கழியட்டும், வள்ளுவர் வீட்டுக்குப் போய்ட்டு வந்துடலாம். அவர் வேற மாதிரி சொல்வாரு."