சுண்ணாம்புக் கோடு

ஜனவரி 9
மழை.

ஜனவரி 10
மழை விடேல்லை. பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டிக்கு நாலு இல்லமும் விறாந்தையில அணிநடை பழகுது. விறாந்தையில பழகினால் ஒரு கெடுதல் இருக்கு: மேளச் சத்தம் சுவரில பட்டு ரெண்டாந்தரம் வரும், பின்வரிசை அதைக் கேட்டுக் காலை மாத்தும். பெரிய மேளம் இடது காலுக்கு, நிமிசத்துக்கு 120 அடி. சின்ன வகுப்புப் பிள்ளையளுக்கு 120 பிரச்சினை இல்லை, எட்டு நீளம்தான் பிரச்சினை. முன்னுக்கு நிக்கிற நெட்டையன்ர எட்டைக் குறைக்கச் சொல்லோணும். ஒரு இல்லமும் அதைச் செய்யாது.

ஜனவரி 13
தண்ணி வடிஞ்சிட்டுது. ஓடுபாதை வளைவு ரெண்டுக்கும் நடுவில அடிச்ச ஆணி ரெண்டில ஒண்டைக் காணேல்லை.

ஜனவரி 16
பொங்கல் முடிஞ்சுது. ஆணி இன்னும் இல்லை.

ஆணியெண்டது இரும்புக் குழாய், நில மட்டத்துக்குக் கீழ அடிச்சு மூடினது. கோல் கம்பம் ரெண்டிலயிருந்தும் தூரம் கொப்பியில கிடக்கு. ரெண்டு நாடா பிடிச்சு, ரெண்டு தூரமும் சந்திக்கிற இடத்தில தோண்டினால் குழாய் தட்டுப்படோணும். தட்டுப்படேல்லை, ஏனெண்டால் கம்பத்தைக் கழட்டி வேற குழியில நட்டிருக்கினம். அசையாத பொருளிலயிருந்துதான் அளவு எடுக்கோணும்: கிணத்துக் கட்டு, மண்டபத் தூண். கோல் கம்பம் அசையாத பொருள் இல்லை.

ஜனவரி 17
எல்லாம் முதல்ல இருந்து.

சுற்று 200 மீற்றர். நேர்ப்பகுதி 45, எதிர்ப்பக்கம் 45. 200இல மிச்சம் 110, அது ரெண்டு அரைவட்டத்துக்கு. 110ஐ 2π ஆல பிரிச்சால் 17.51. அதில 20 சென்ரிமீற்றர் கழிக்க 17.31 வரும், அதுதான் ஆணியில மாட்டி வட்டம் இழுக்கிற கம்பியின்ர நீளம். கோட்டுக்கு மேல ஆரும் ஓடமாட்டினம் எண்டபடியால், கோட்டுக்கு வெளியால 20 சென்ரிமீற்றரில அளக்கச் சொல்லுது விதி.

செங்கோணத்துக்கு 6, 8, 10 முக்கோணம். 3, 4, 5உம் சரிதான், ஆனா சின்ன முக்கோணத்தில ஒரு விரல் பிழைச்சால் 45 மீற்றருக்கு அங்கால முழப் பிழை. நாலு மூலையும் அடிச்ச பிறகு மூலைவிட்டம் ரெண்டையும் பாக்கோணும்: 56.78. ரெண்டும் ஒண்டுக்கொண்டு 2 சென்ரிமீற்றருக்குள்ள நிண்டால் காணும்.

வட்டம் இழுக்க நைலோன் கயிறு வேண்டாம், இழுவைக்கு நீளும். கட்டுக்கம்பிதான். கம்பி ஆணியில சுத்திச் சுத்திக் கட்டையாகிப் போகாமல் ஒரு வளையம் போட்டு மாட்டோணும்.

1.22 அகலத்தில நாலு லேன். மொத்தமா 89.4 நீளம், 44.4 அகலம். வேப்பமரம் தப்பிச்சுது.

ஜனவரி 18
கிரிக்கெட் கழகம் பிட்ச்சைச் சுத்திக் கயிறு கட்டியிட்டுது. யாழ்ப்பாணத்தில மார்ச் வந்தால் பெரும் போர் எண்ட பள்ளிக்கூடக் கிரிக்கெட் ஆட்டம், அவையளோட கதைச்சு வேலையில்லை. ஈட்டியும் குண்டும் நடுவில எறிய ஏலாது.

ஜனவரி 19
7.04ஆ 7.67ஆ.

வளைவில ஓடேக்க வெளி லேனுக்குத் தூரம் கூட, அதால ஒவ்வொரு லேனையும் முன்னுக்குத் தள்ளி நிப்பாட்டுறது. புத்தகத்தில ரெண்டாம் லேனுக்கு 7.04, அதுக்குப் பிறகு ஒவ்வொண்டுக்கும் 7.67 கூட்டிக்கொண்டு போகச் சொல்லிக் கிடக்கு. பழைய மாணவர் ஐயா ஒருவர் வந்து நிண்டு, "தம்பியவை, எங்கட காலத்தில எல்லாத்துக்கும் ஒரே அளவுதான் போட்டது" எண்டார். பொடியள் சிரிச்சாங்கள்.

ஐயா சொன்னதுதான் சரி. புத்தகத்தில இருக்கிறது உள்விளிம்பில கல் உயர்த்திக் கட்டின ஓடுபாதை. கல் இருந்தால் முதலாம் லேனை 30 சென்ரிமீற்றரில அளக்கிறது, மற்ற லேன்களை 20இல. அந்த 10 சென்ரிமீற்றர் வித்தியாசத்தால 1.22 எண்டது 1.12 ஆகுது, 2πஆல பெருக்க 7.04. எங்களிட்டை கல் இல்லை, சுண்ணாம்புக் கோடு மட்டும். எல்லா லேனுக்கும் 20தான். 1.22 தர 2π, 7.67. ரெண்டாம் லேனுக்கும் அதே.

7.04 போட்டால் 2, 3, 4 மூண்டு லேனும் சுற்றுக்கு 63 சென்ரிமீற்றர் கூட ஓடும். முதலாம் லேன்காரன் கப் வாங்கிக்கொண்டு போவான்.

அரைவிட்டம் இந்தக் கணக்கில வரவே இல்லை. 200 மீற்றர்ச் சுற்றெண்டாலும் 400 மீற்றர்ச் சுற்றெண்டாலும் அதே 7.67. "சின்னக் கிறவுண்ட், அரைவாசி போட்டால் காணும்" எண்டு நாளைக்கு ஆரோ ஒராள் சொல்லுவார்.

ஜனவரி 20
சொன்னார்.

ஜனவரி 21
400 மீற்றர், ரெண்டு சுற்று. கடைசி வரைக்கும் லேனுக்குள்ள எண்டால் லேனுக்கு 15.33. கோட்டை வேற நிறத்தில போடோணும், இல்லாட்டி 200 ஓடுறவர் 400 கோட்டில போய் நிப்பார்.

ஜனவரி 22
அளவு சரி, அளந்த விதம் பிழை. நாலாம் லேனுக்கு 23 மீற்றர். நாடாவை நேரா இழுத்துப் பிடிச்சு ஆணி அடிச்சுக் கிடக்கு. வளைவில நேரா இழுத்தால் அது நாண், வில் இல்லை. எங்கட வளைவில நாண் 23 எண்டால் வில் 24.3. நாலாம் லேனுக்கு 1.3 மீற்றர் சும்மா கிடைக்குது. லேன்ர உள்கோட்டிலயிருந்து 20 சென்ரிமீற்றர் வெளியால, மீற்றருக்கு ஒரு குச்சி குத்தி, குச்சியளைத் தொட்டுக்கொண்டு நாடா போகோணும். இல்லையெண்டால் நாணையே கணக்குப் பாத்து 21.88 எண்டு நேரா இழுக்கலாம். கெதியான வேலை அது.

ஜனவரி 24
இல்லச் சோடனைக்குக் குருத்தோலை இண்டைக்கே வந்து இறங்கிட்டுது. ஆர் சொன்னது? முதல்நாள் பின்னேரம் வெட்டி, நனைச்ச சாக்கால சுத்தி நிழலில போட்டு, விடியப்புறம் பின்னோணும். இது நடுவர் வாறதுக்கு முதல் சுருண்டு போகும். கமுகஞ்சிலாகை காணாதெண்டு பனஞ்சிலாகை எடுத்த இல்லம் குழியை 2 அடிக்குக் குறையாமல் தோண்டோணும், பாரம் அப்பிடி. பசைக்கு மாவைப் பச்சைத்தண்ணியில கரைச்சுப்போட்டு அடுப்பில வைக்கோணும், சுடுதண்ணியில போட்டால் கட்டிபடும். துருசு, அதுதான் மயில்துத்தம், கொஞ்சம் போட்டால் பூச்சி வராது. துருசு நஞ்சு, விடுதிச் சமையலறைச் சட்டியைத் தொடக்கூடாது.

ஜனவரி 26
உயரம் பாய்தலுக்கு மெத்தை வரேல்லை. மணலெண்டால் கத்தரிப் பாய்ச்சல் மட்டும். முதுகால விழுற பாய்ச்சலை மணலில விட ஏலாது, கழுத்து. 1958இல ரோக்கியோ ஆசிய விளையாட்டில எதிர்வீரசிங்கம் 2.03 பாய்ஞ்சு தங்கம் எடுத்தவர், யாழ் மத்திய கல்லூரிப் பிள்ளை. முதுகுப் பாய்ச்சலை உலகம் கண்டது அதுக்குப் பத்து வருசம் கழிச்சு, மெக்சிக்கோவில. இதைச் சொன்னால் பொடியள் முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு நிக்கிறாங்கள்.

ஜனவரி 29
நீறின சுண்ணாம்பு மட்டும். சுடுசுண்ணாம்பு வெறுங்கால் பிள்ளையின்ர வேர்வையில வேகும். பால்மாப் பேணி அடியில ஆணியால துளை போட்டு, ரெண்டு கயிறுக்கு நடுவில 5 சென்ரிமீற்றர்க் கோடு. விடியப் பனியோட போட்டால் மண் பிடிக்கும். பத்து மணிக்குப் பிறகு காத்து அள்ளிக்கொண்டு போகுது. கண்ணில பட்டால் தேய்க்காமல் தண்ணி ஊத்திக்கொண்டே இருக்கோணும்.

ஜனவரி 30
அஞ்சலோட்டத்தில கோல் மாத்திற பெட்டி. இப்ப 4×100க்கு 30 மீற்றர்: ஓடி வாறவர் நடுக்கோட்டைத் தொட முதல் 20, தாண்டின பிறகு 10. பழைய 20 மீற்றர்ப் பெட்டியும் 10 மீற்றர் ஓட்டக்கோடும் வேண்டாம்.

பெப்ரவரி 1
நேரக் கணிப்பாளர் கூட்டம். துவக்குப் புகையைக் கண்டு அமுக்கிறது, சத்தத்துக்கு இல்லை. 100 மீற்றர் தாண்டிச் சத்தம் வர 0.3 செக்கன் போயிடும். மூண்டு கடிகாரம் எண்டால் நடு நேரம். கைக் கடிகாரத்தில 12.31 வந்தால் 12.4 எண்டு எழுதோணும், 12.3 இல்லை. கணித ஆசிரியர் ஒராள் இதுக்கு ஒத்துவாறார் இல்லை. நாளைக்கு விதிப் புத்தகத்தோட போகோணும்.