நோட்டைக் கிழிக்கிற பையனை வெளியே அனுப்பாதீர்கள்

கணக்கு வகுப்பில் நோட்டைக் கிழித்து எறிகிற பையனை டீச்சர் வெளியே நிற்க வைக்கிறார். அவனுக்கு வேண்டியதும் அதுதான்; கணக்கிலிருந்து தப்பித்தாயிற்று. நாம் தண்டனை என்று நினைப்பது அவனுக்குப் பரிசு. மறுநாளும் நோட்டு கிழியும்.

முதல் வேலை, ஒரு வாரம் எழுதிவைப்பது. தாளில் மூன்று கட்டம்: சற்று முன் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தான், உடனே மற்றவர்கள் என்ன செய்தார்கள். ‘அடம் பிடித்தான்’ என்று எழுதிப் பயனில்லை. ‘10.20, ஐந்தாவது கழித்தல் கணக்கு, பக்கத்தைக் கிழித்தான், வெளியே அனுப்பினோம்’ என்று இருக்க வேண்டும். வீட்டிலும் அதே தாள். தூக்கம், காலைச் சாப்பாடு, காதுவலி, மலச்சிக்கல் எல்லாம் ஓரத்தில் குறியுங்கள். பேச்சு வராத பிள்ளைக்கு வலி பல நேரம் கோபமாகத்தான் வெளிவரும்.

தப்பிக்கத்தான் செய்கிறான் என்று தெரிந்தால், அதற்கு நல்ல வழியைக் கற்றுக்கொடுங்கள். மேசையில் ஒரு சிவப்பு அட்டை. காட்டினால் இரண்டு நிமிடம் ஓய்வு, கேள்வி கிடையாது. பிறகு அதே கணக்குக்குத் திரும்ப வேண்டும், ஆனால் பத்துக்குப் பதில் மூன்று. அட்டையை அமைதியாக இருக்கும்போது பழக்குங்கள், கத்தும்போது நீட்டாதீர்கள். ஆரம்பத்தில் கேட்ட ஒவ்வொரு தடவையும் ஓய்வு கிடைத்தாக வேண்டும். ‘எப்பப் பார்த்தாலும் அட்டையா?’ என்று மறுத்தால் மறுபடி நோட்டுதான்.

பழைய வழி பலிக்காதபோது முதல் சில நாள் ஆட்டம் கூடும். பல வீடுகளில் கைவிடுவது இங்கேதான். அந்த நேரம் பாட்டி மனமிரங்கிப் போனைக் கொடுத்தால், இன்னும் உரக்கக் கத்த வேண்டும் என்பதைத்தான் பிள்ளை கற்றுக்கொள்ளும். ஆகவே பாட்டியிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். தன்னையோ பிறரையோ காயப்படுத்துகிறான் என்றால் தாளோடு நிற்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.