மேகத்துக்குள் நின்ற கலங்கரை விளக்கம்

13 அக்டோபர் 2023, வெள்ளி – கேப் டவுன்

வந்த வேலை இன்றோடு முடிந்தது. ஞாயிறு இரவுதான் விமானம். நாளை முழு நாளும் நன்னம்பிக்கை முனைக்கும் அதை அடுத்த கேப் பாயிண்டுக்கும். "காலையிலேயே கிளம்பிடுங்க, மத்தியானத்துக்கு மேல காற்று ஆளையே தள்ளும்" என்றார் விடுதி வரவேற்பில் இருந்த அம்மா. பள்ளியில் 'நன்னம்பிக்கை முனை' என்று படித்த நாளிலிருந்து அந்தப் பெயர் மேல் எனக்கு ஒரு ஆசை. தூக்கம் வரவில்லை.

14 அக்டோபர், சனி – இரவு

7 மணிக்குக் கார் வந்துவிட்டது. டிரைவர் பச்சை ஜெர்சி போட்டிருந்தார்; நாளை ரக்பி உலகக் கோப்பை காலிறுதியாம், பிரான்சோடு. சைமன்ஸ் டவுன் வரை நல்ல வெயில். பெங்குவின்களைத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன்.

முதலில் நன்னம்பிக்கை முனை. பாறைகள், கரையில் ஒதுங்கிய தடித்த கடற்பாசித் தண்டுகள், ஒரு பலகை. ஆப்பிரிக்காவின் தென்மேற்குக் கோடி என்று அதில் எழுதியிருக்கிறது. தென்கோடியே இதுதான் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அது கிழக்கே தள்ளியிருக்கும் அகுல்ஹாஸ் முனை. 1488இல் பார்த்தலோமியு தியாஸ் இதைச் சுற்றிப் போனபோது கரையே அவர் கண்ணில் படவில்லை. திரும்பும் வழியில்தான் பார்த்தார். புயல் முனை என்று அவர் வைத்த பெயரைப் போர்ச்சுகல் மன்னர் மாற்றினார் என்பார்கள். 1500இல் இதே கடற்பகுதியில் புயலில் சிக்கித் தியாஸ் கப்பலோடு மூழ்கிப்போனார். அந்தப் பாறை மேல் நின்றபோது அவர் நினைவாகவே இருந்தது.

பிறகு கேப் பாயிண்டின் பழைய கலங்கரை விளக்கம். பாதி ஏறும்போதே மேகம் வந்து மூடிவிட்டது. உச்சியில் வெள்ளைச் சுவரைத் தொட்டால் கை நனைகிறது. நீர்த்துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கோடாக வழிகின்றன. கீழே கடல் இரைவது கேட்கிறது, ஒரு சொட்டுக் கடல் தெரியவில்லை. கைப்பிடிச் சுவருக்கு அப்பால் வெறும் வெள்ளை.

இந்த விளக்கத்தின் கதையே இதுதான். 1860இல் ஏற்றினார்கள், கடல் மட்டத்திலிருந்து 238 மீட்டர் உயரத்தில். உயரத்தில் வைத்தால் ஒளி தூரம் போகும் என்ற கணக்கு தப்பில்லை. ஆனால் வருஷத்தில் பல இரவுகள் மேகமும் மூடுபனியும் இந்த உச்சியில்தான் வந்து உட்காரும். 1911 ஏப்ரல் 18 இரவு, லூசித்தானியா என்ற போர்ச்சுகீசியப் பயணிகள் கப்பல் மூடுபனியில் வந்து பெல்லோஸ் பாறையில் மோதியது. (1915இல் ஜெர்மானியர் மூழ்கடித்தது வேறு லூசித்தானியா.) பெரும்பாலோரைக் காப்பாற்றிவிட்டார்கள், நல்லவேளை. அதற்குப் பிறகுதான் முனையின் நுனியில், 87 மீட்டர் உயரத்தில் புது விளக்கம் கட்டினார்கள், 1919இல் எரிந்தது.

அதைப் பார்க்கும் ஒற்றையடிப் பாதையில் இறங்கினேன். பத்து நிமிஷம் நடந்திருப்பேன், தலைக்கு மேல் மேகம் விட்டுப்போனது. திடீரென்று எல்லாம் இருந்தது: கரும்பாறை விளிம்பில் சின்னதாக வெள்ளைக் கோபுரம், அதன் கீழே நுரை, தள்ளி ஓரிடத்தில் மட்டும் அலை உடைந்துகொண்டே இருந்தது. திரும்பிப் பார்த்தேன். நான் நின்றிருந்த உச்சியைக் காணவில்லை. படித்துத் தெரிந்துகொண்டதை என் கண்ணே காட்டிக் கொடுத்தது. வெகு நேரம் அங்கேயே நின்றதில் பெங்குவின்களுக்கு நேரமில்லாமல் போயிற்று. வருத்தமில்லை.

15 அக்டோபர், ஞாயிறு – விமான நிலையம்

காலையில் கிரீன் பாயிண்ட் விளக்கத்தைப் பார்க்க நடந்தே போனேன். 1824இல் ஏற்றியது, இந்த நாட்டின் முதல் கலங்கரை விளக்கம். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்து, கடற்கரை நடைபாதையை ஒட்டித் தரையிலேயே நிற்கிறது. 36 வருஷம் முன்பே இப்படித் தாழ்வாக ஒன்றைக் கட்டியவர்கள், அங்கே ஏன் அவ்வளவு உயரத்துக்குப் போனார்கள்? மேசை மலை உச்சியில் மேகம் துணி விரித்த மாதிரி கிடந்தது. அதற்குக் கீழே, விளக்கத்தின் கண்ணாடி வெயிலில் பளிச்சென்று தெரிந்தது.