வெளியே போகாதவர்களின் குழுவில் சேர்ந்தேன், நீக்கப்பட்டேன், திரும்பினேன்

மியான்மரில், அதாவது பர்மாவில், யாங்கோன் நகரத்துத் தாம்வே பக்கம் அம்மா, அண்ணன், அண்ணி, அவர்கள் பிள்ளைகளோடு இருக்கிறேன். 2021 ஜூலையில் கொரோனாவின் மூன்றாவது அலை வந்தபோது அப்பா போய்விட்டார். ஆக்சிஜன் சிலிண்டருக்காக ஊரே வரிசையில் நின்ற மாதம் அது. அதற்குப் பிறகு நான் தெருவில் இறங்குவது குறைந்தது, அப்புறம் நின்றே போனது. வீட்டிலிருந்தே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். அளவெடுப்பதும் துணி வாங்கி வைப்பதும் அண்ணி. கோயில் திருவிழாவுக்கு ஏன் வரவில்லை என்று சொந்தக்காரர்கள் கேட்டால், "அவளுக்குத் தையல் வேலை நிறைய" என்று சொல்லி முடித்துவிடுவார்.

என்னைப் போல வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டவர்களுக்காகத் தமிழில் ஒரு டெலிகிராம் குழு இருக்கிறது. சேரும் வழியையும் அங்கிருக்கும் விதிகளையும், ஒரு விதியால் நான் வெளியேற்றப்பட்டுத் திரும்பி வந்ததையும் இங்கே எழுதுகிறேன். சேர நினைப்பவர்களுக்கு உதவலாம். ஆனால் இப்படிப்பட்ட குழுக்களை நடத்துகிறவர்கள் படிக்க வேண்டும் என்பதுதான் என் பெரிய ஆசை. குழுவின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அதுவும் அங்கே ஒரு விதி.

இதற்கு முன்னால் ஃபேஸ்புக்கில் வேறொரு குழுவுக்குள் போகப் பார்த்தேன். 2021 பிப்ரவரி 4 முதல் எங்கள் நாட்டில் ஃபேஸ்புக் முடக்கப்பட்டிருப்பதால் விபிஎன் போட்டுத்தான் போக வேண்டும், அதுவும் பாதியில் அறுந்துவிடும். அந்தச் சிரமத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் போலிக் கணக்குகளைத் தடுக்க என்று சொல்லி, அடையாள அட்டையை முகத்தோடு சேர்த்துப் படமெடுத்து அனுப்பச் சொன்னார்கள். வேறு ஊர்க்காரர்களுக்கு அது சின்ன விஷயமாக இருக்கலாம். பர்மாத் தமிழர்களுக்கு அட்டை என்பது அப்படியல்ல. 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மூன்று வகைக் குடிமக்களைப் பிரித்து வைத்திருக்கிறது: முழுக் குடிமக்களுக்கு இளஞ்சிவப்பு அட்டை, இணைக் குடிமக்களுக்கு நீலம், குடியுரிமை கேட்டுப் பெற்றவர்களுக்குப் பச்சை. எந்த நிற அட்டை என்பது ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதையைச் சொல்லிவிடும். அதை முகம் தெரியாத அட்மினுக்கு எப்படி அனுப்புவது? அனுப்பவில்லை. அந்தக் கதவு அதோடு சாத்திக்கொண்டது.

இந்தக் குழுவில் படமே கேட்கவில்லை. சேர விண்ணப்பித்ததும் ஒரு பாட், அதாவது தானாகச் செய்தி அனுப்பும் கணக்கு, நான்கு கேள்விகளை அனுப்பியது. பதினெட்டு வயது ஆகிவிட்டதா? வீட்டிலேயே இருக்க ஆரம்பித்து ஆறு மாதத்துக்கு மேல் ஆகிறதா? யாருக்காகச் சேர்கிறீர்கள், உங்களுக்காகவா அல்லது வீட்டில் இருக்கும் இன்னொருவருக்காகவா? விதிகளைப் படித்தீர்களா? மூன்றாவது கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. பெற்றோர், ஆராய்ச்சி செய்கிறவர்கள், பத்திரிகைக்காரர்கள் எல்லோரும் நல்ல எண்ணத்தோடுதான் வருகிறார்கள். ஆனால் நம்மைப் பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் நம்மால் பேச முடியாது. பெற்றோருக்குத் தனியாக ஒரு குழு வைத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் யாரும் போய்வர முடியாது.

ஆறு மாதம் என்ற அளவு ஜப்பானிலிருந்து எடுத்தது. அங்கே இதை ஹிகிகோமோரி என்கிறார்கள். சைட்டோ தமாக்கி என்ற மனநல மருத்துவர் 1990களின் கடைசியில் இதைப் பொதுப்பேச்சுக்குக் கொண்டுவந்தார். 2022இன் கடைசியில் அந்த நாட்டு அரசு நடத்திய கணக்கெடுப்பு, 15 முதல் 64 வயதுக்குள் சுமார் 14.6 லட்சம் பேர் இப்படி ஒதுங்கி வாழ்வதாக மதிப்பிட்டது. குழுவின் வரவேற்புக் குறிப்பில் இந்த எண்ணைப் போட்டிருந்தார்கள். அதைப் படித்த இரவு அம்மாவை எழுப்பிச் சொன்னேன். என் குறையை எங்கள் குடும்பத்து ரத்தத்தில் தேடிக்கொண்டிருந்தவர் அம்மா.

விண்ணப்பத்துக்குப் பதில் வருவதற்குள் இரண்டு செட்டிங்கை மாற்றச் சொன்னார்கள். இதை எல்லோரும் செய்ய வேண்டும். டெலிகிராமில் உங்கள் தொலைபேசி எண்ணை யார் பார்க்கலாம் என்ற இடத்தில் 'யாரும் வேண்டாம்' என்று வையுங்கள். அந்த எண்ணை வைத்து உங்களை யார் தேடலாம் என்ற இடத்தில் 'என் தொடர்புகள் மட்டும்' என்று வையுங்கள். மியான்மரில் சிம் கார்டு அடையாள அட்டையோடு பதிவானது. எண் தெரிந்தால் ஆளே தெரிந்த மாதிரி. வாட்ஸ்அப் குழுக்களில் நான் சேராததற்கும் இதுவே காரணம். அங்கே குழுவில் சேர்ந்தாலே எண் வெளியே வந்துவிடும்.

சேர்ந்த புதிதில் படிக்க மட்டும்தான் முடியும். எனக்கு அது தடையாகத் தெரியவில்லை, நிம்மதியாக இருந்தது. யாரும் "புதுசா வந்தவங்க அறிமுகம் செஞ்சுக்கோங்க" என்று பிடித்து இழுக்கவில்லை. உறுப்பினர் பட்டியலும் மறைக்கப்பட்டிருந்தது. பேசுகிறவர்களின் பெயர்தான் தெரியும், பேசாதவர்கள் யார் என்பதே தெரியாது. குழுவின் படம் ஒரு பூ. தலைப்பு ஏதோ தோட்டக்கலைக் குழு போல இருக்கும். வீட்டில் மற்றவர்களும் எடுக்கும் போனில், அல்லது வழியில் யாராவது வாங்கிப் பார்க்கும் போனில், அது கேள்வி எழுப்பக்கூடாது என்று யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

விதிகளில் பாதி எல்லா இடத்திலும் இருப்பவை: விற்பனை கூடாது, எந்த நாட்டு அரசியலும் கூடாது, குழுவில் கேட்காமல் தனிச்செய்தி அனுப்பக்கூடாது. மீதியை எழுதியவர் தமிழ் வீட்டில் வளர்ந்து பட்டவர் என்று படித்தவுடனே தெரிந்தது. சொந்த ஊர் எது, என்ன ஆளுங்க, கல்யாணம் ஆயிற்றா, என்ன சம்பளம் என்று கேட்கக்கூடாது. "வெளியே போய் நாலு பேரைப் பாருங்க, சரியாயிடும்" என்ற அறிவுரை, கேட்காதவருக்குச் சொல்லக்கூடாது. யாராவது இன்று மொட்டைமாடி வரை போனேன் என்று எழுதினால் பாராட்டலாம், ஆனால் அடுத்தது என்ன என்று கேட்கக்கூடாது. இந்தக் கடைசி விதியை முதலில் அதிகம் என்று நினைத்தேன். நானே ஒரு நாள் வாசலில் நின்று மொகிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) வாங்கியதைப் பற்றி எழுதியபோதுதான் அதன் அருமை புரிந்தது. சில பேர் பூ அனுப்பினார்கள், அவ்வளவுதான். நாளைக்கும் வாங்கியாக வேண்டும் என்ற சுமை என் தலையில் ஏறவில்லை.

ஸ்லோ மோட் பற்றியும் சொல்ல வேண்டும். ஒருவர் ஒரு செய்தி போட்டால் அடுத்ததைப் போட ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். சண்டையை அடக்குவதற்காகப் பல குழுக்களில் இதை வைக்கிறார்கள். இங்கே எப்போதும் வைத்திருப்பதற்குக் காரணம் வேறு. ஒரு வரியை எழுதி, அழித்து, மறுபடி எழுதுவதற்குள் பேச்சு எங்கேயோ போய்விட்டால் எங்களைப் போன்றவர்கள் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவோம். மெதுவாக ஓடும் பேச்சில் நாங்களும் ஏறிக்கொள்ள முடிகிறது.

உயிரை விட்டுவிடலாம் என்று யாராவது எழுதினால் என்ன செய்வது என்பதற்கும் தெளிவான முறை உண்டு. குழுவில் அதைப் பற்றி விவாதம் கிடையாது, வழிமுறைகளைப் பற்றிய பேச்சு உடனே அழிக்கப்படும். இரண்டு அட்மின்கள் அந்த நபரோடு தனியே பேசுவார்கள். ஒருவர் மட்டும் பேசினால் அந்தப் பாரம் அவரை நசுக்கிவிடும் என்பதால் இரண்டு பேர். உதவி எண்கள் நாடு வாரியாக இருந்தன: இந்தியாவுக்கு டெலி மானஸ் 14416, இலங்கைக்கு 1926 என்று. மியான்மருக்கு நேரே தமிழில் பேசக்கூடிய எண் எதுவும் பட்டியலில் இல்லை. அதைப் பார்த்தபோது நெஞ்சில் ஒரு வெறுமை வந்தது. மலேசியாவில் இருக்கும் அட்மின் அக்காவிடம் கேட்டேன். "எண் இல்லாத நாட்டுக்காரங்க, விருப்பம் இருந்தா, வீட்டில் நம்பிக்கையான ஒருத்தரோட எண்ணை எங்ககிட்ட கொடுத்து வைக்கலாம்மா. கட்டாயம் இல்ல" என்று எழுதினார். பல வாரம் யோசித்துவிட்டு, அண்ணியிடம் எல்லாவற்றையும் சொல்லி, அவருடைய எண்ணைக் கொடுத்தேன்.

இவ்வளவு யோசித்து விதி எழுதியவர்களிடம் ஒன்று மட்டும் தவறாக இருந்தது. முப்பது நாள் எதுவும் பேசாதவர் தானாக நீக்கப்படுவார் என்ற விதி. எங்கள் ஊரில் கரண்ட் முறை வைத்துத்தான் வரும். கரண்ட் நீண்ட நேரம் இல்லையென்றால் டவரும் சோர்ந்துவிடும். அதெல்லாம் ஒரு பக்கம். அந்தச் சமயத்தில் எனக்குள்ளேயே பேச்சு வற்றிப்போயிருந்தது. தினமும் படித்துக்கொண்டிருந்தேன், ஒரு வார்த்தையும் எழுதவில்லை. ஒரு காலையில் போனைத் திறந்தால் குழுவே இல்லை.

அன்று நான் பட்ட வேதனை வெளியே இருப்பவர்களுக்குப் புரியுமா தெரியாது. பேச முடியாதவர்கள் என்பதால்தானே இந்த இடத்துக்கு வந்தோம்? பேசாததற்காகவே வெளியே போடுவது எந்த நியாயம்?

நீக்கப்பட்டவர்களும் அந்தப் பாட் கணக்குக்குச் செய்தி அனுப்பலாம் என்று விதிகளில் படித்திருந்தேன். அனுப்பினேன். என்னைச் சேர்க்கச் சொல்லி மட்டும் எழுதவில்லை, விதியையே மாற்றச் சொல்லி எழுதினேன். அட்மின்கள் தங்கள் காரணத்தைப் பொறுமையாக விளக்கினார்கள். நீண்ட நாள் பயன்படாத சிம் எண்ணைத் தொலைபேசி நிறுவனங்கள் வேறொருவருக்குக் கொடுத்துவிடும். புது ஆள் அதே எண்ணில் டெலிகிராம் நுழைவுக் குறியீட்டை வாங்கினால், பழைய கணக்குக்குள்ளேயே வந்துவிட முடியும். அப்படி ஒரு அந்நியர் உள்ளே வந்து எல்லாவற்றையும் படித்தது ஒரு முறை நடந்திருக்கிறது. வேடிக்கை பார்க்க வந்து மௌனமாக இருந்து, படித்ததை வெளியே கொண்டுபோனவர்களும் உண்டு. செய்திகளைச் சேமிக்கவும் முன்னனுப்பவும் முடியாதபடி பூட்டியிருக்கிறார்கள், ஆண்ட்ராய்டில் ஸ்கிரீன்ஷாட்கூட எடுக்க முடியாது. ஆனால் இன்னொரு போனால் படம் எடுப்பதை யார் தடுப்பது?

அவர்கள் பயம் உண்மையானது. ஆனால் அதற்கு மருந்து வேறு. எண் கைமாறும் ஆபத்துக்கு, நுழைவுக் குறியீட்டுக்கு மேல் கேட்கும் இரண்டாம் கட்டக் கடவுச்சொல் போதும், அதைக் கட்டாயமாக்குங்கள் என்றேன். ஆள் இருக்கிறாரா என்று தெரிய வேண்டுமானால் பேசச் சொல்லாதீர்கள், ஒரு பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள் என்றேன். பல நாள் பேசி ஒத்துக்கொண்டார்கள். இப்போது மாதம் ஒரு முறை பாட் தனியாக ஒரு செய்தி அனுப்புகிறது. அதில் 'இருக்கிறேன்' என்று ஒரே பொத்தான். யார் அழுத்தினார்கள் என்பது குழுவில் தெரியாது. தொடர்ந்து மூன்று மாதம் அழுத்தாதவரின் கணக்கு வெளியே வைக்கப்படும், ஆனால் பெயர் பட்டியலில் இருக்கும். என்றைக்குத் திரும்பினாலும் கேள்வி கேட்காமல் உள்ளே விடுவார்கள். என்னையும் அப்படித்தான் உள்ளே விட்டார்கள்.

2025 மார்ச் 28 அன்று மண்டலை, சகாயிங் பக்கம் 7.7 அளவில் நிலநடுக்கம் வந்தபோது யாங்கோனிலும் ஆட்டம் தெரிந்தது. குழுவில் "பர்மாவில இருக்கிறவங்க எப்படி இருக்கீங்க" என்று கேள்விகள் குவிய ஆரம்பித்ததும் அட்மின்கள் அதை நிறுத்திவிட்டு, பொத்தானை மாதக் கணக்குக்கு வெளியே ஒரு தடவை அனுப்பினார்கள். லைன் கிடைத்ததும் அழுத்தினேன். ஒரு வார்த்தை எழுதும் நிலையில் அன்று நான் இல்லை.

உறுப்பினர் தகுதி பற்றி இன்னொரு விவாதமும் நடந்தது. 2024 பிப்ரவரியில் கட்டாய இராணுவச் சேவைச் சட்டம் நடைமுறைக்கு வரும் என்று அறிவித்த பிறகு எங்கள் நாட்டில் எத்தனையோ இளைஞர்கள் வீட்டுக்குள் முடங்கினார்கள். அப்படி ஒருவர் விண்ணப்பித்தபோது, வெளியே போகப் பயம் இருப்பதால் அவர் வீட்டில் இருக்கிறார், இது நம்முடைய நிலை இல்லையே என்று சில அட்மின்கள் தயங்கினார்கள். என் கருத்தைக் கேட்டார்கள். சேர்க்க வேண்டும் என்றேன். நானும் ஒரு காரணத்தால்தான் உள்ளே வந்தேன். நோய் ஊரை விட்டுப் போனது, நான் வெளியே வரவில்லை. உள்ளே அனுப்பிய காரணத்தை வைத்து ஒருவரை அளக்கக்கூடாது, இப்போது கதவைத் திறக்கக் கை வருகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். கேள்வியில் 'ஏன்' என்பதே இல்லாமல் இருப்பது அதனால்தான் சரி. அவரைச் சேர்த்தார்கள்.

இப்போது விண்ணப்பங்களைப் பார்க்கும் வேலையில் நானும் இருக்கிறேன், கரண்ட் இருக்கும் நேரங்களில். சேர நினைப்பவர்களுக்கு ஒன்று: பதில் வர நாளாகலாம், மறுபடி மறுபடி விண்ணப்பிக்காதீர்கள், பாட் அதைத் தொந்தரவு என்று எடுத்துக்கொண்டு தடுத்துவிடும். நீளமாக எழுதத் தேவையில்லை. வயதுக் கேள்வியைத் தவிர எதற்கும் 'சொல்ல விருப்பமில்லை' என்று எழுதலாம். அப்படி எழுதியவர்களை இதுவரை யாரும் திருப்பி அனுப்பியதில்லை.