மாருதி 800க்கு டாப் ஸ்பீடு கணக்குப் போட்டேன், மொதல்ல 244 வந்துச்சு

பொங்கலுக்கு ஒறம்பரையெல்லாம் தோட்டத்துக்கு வந்திருந்தப்ப ஆரம்பிச்ச வம்புங்க இது. மத்தியானம் கறிச்சோறு தின்னுபோட்டு வேப்பமரத்தடில கட்டல்ல உக்காந்திருந்தோம். மாப்ள (தங்கச்சி வீட்டுக்காரரு) அவரோட மாருதி 800க்கு 13 இஞ்சு அலாய் வீலு மாட்டிட்டு வந்திருந்தாரு, அதக் காட்டி "மச்சா, சக்கரம் பெருசாயிருச்சில்ல, இப்ப 150 அசால்ட்டா போவும்"னாரு. நம்மகிட்டயும் அதே 800 தான், 2003 மாடல், நாலு கியரு, 12 இஞ்சு ஒரிஜினல் வீலு. போவாதுங்க மாப்ளன்னேன். எதுக்குப் போவாதுன்னு கேட்டாரு பாருங்க, அங்க எனக்கு வாயில வார்த்தை வரல. பொழப்பே கோயமுத்தூரு கணபதில ஒரு ஒர்க்ஷாப்புல கியர் வெட்டறது, இதுக்கு பதில் தெரியலன்னா அசிங்கம்தானே.

கணக்கு ஒண்ணும் பெருசில்லீங்க. எஞ்சின் நிமிசத்துக்கு எத்தன சுத்து சுத்துதோ (ஆர்பிஎம்னு சொல்றது இதத்தான்) அத கியர்பாக்ஸும், ரெண்டு சக்கரத்துக்கும் சுத்தப் பிரிச்சுக் குடுக்கற டிஃபரன்சியலும் சேர்ந்த மொத்த ரேஷியோவால வகுத்தா சக்கரம் எத்தன சுத்துன்னு வரும், அத சக்கரத்தோட சுத்தளவால பெருக்கி, 60ஆல பெருக்கி மணிக்கு மாத்திட்டா தீந்துச்சு. மோட்டார் 1440 சுத்தும், கல்லு பையப் பைய சுத்தும், நம்ம வெட் கிரைண்டர் கணக்கேதான். ஆக ரெண்டு நம்பர் வேணும், சுத்தளவும் ரேஷியோவும். நெட்டுல தேடுனா ஆளாளுக்கு ஒண்ணு போட்டிருக்கான், சரி நம்மளே அளந்துக்கலாம்னு எறங்கிட்டேன்.

மொதல்ல டயரு. 145/70 ஆர்12னு போட்டிருக்கும். 145ங்கறது அகலம், மில்லிமீட்டர்ல. 70ங்கறது அந்த அகலத்துல 70 சதவீதம், அதாவது டயரோட பக்கவாட்டு ஒசரம், 101.5 மில்லி. 12ங்கறது ரிம்மு, அது மட்டும் இஞ்சுல. ஒரே வரில மில்லி, சதவீதம், இஞ்சு மூணையும் கொழப்பி வெச்ச மகராசன் யாருன்னு தெரியல. 304.8ஓட ரெண்டு பக்க ஒசரத்தையும் கூட்டுனா விட்டம் 507.8, சுத்தளவு 1.595 மீட்டர். இது புத்தகக் கணக்கு. வண்டி நிக்கறப்ப அச்சுல இருந்து தரைக்கு டேப்பு வெச்சா 238 மில்லி தான் வருது, அத ஆரம்னு வெச்சுப் போட்டா 1.495. ஒரு சக்கரத்துக்கு 10 சென்டிமீட்டர் வித்தியாசம், எத எடுக்கறது?

அதுக்கு களத்துக்குப் போனேன். நெல்லு காய வைக்கற சிமெண்டுக் களம், மட்டமா இருக்கும். டயர்ல ஒரு எடத்துல சுண்ணாம்பத் தடவி, நான் ஸ்டியரிங்கப் புடிச்சு உக்காந்துக்க பையனும் அவன் கூட்டாளியும் பின்னாடி இருந்து தள்ளுனாங்க. ஒவ்வொரு சுத்துக்கும் சிமெண்டுல ஒரு வெள்ளப் பொட்டு விழுகுது. பத்து சுத்துக்கு டேப்புல 15.42 மீட்டர். அப்ப ஒரு சுத்துக்கு 1.542, புத்தகத்துக்கும் அச்சு ஒசரத்துக்கும் நடுவுல. காத்த 30ல இருந்து 24க்கு எறக்கிப் பாத்தேன், பத்து சுத்துக்கு ஒரு விரக்கடை கூட மாறல. உள்ள இருக்கற பெல்ட்டு அவ்வளவு லேசுல நீளறதும் இல்ல சுருங்கறதும் இல்ல, டயரு அமுங்கி தட்டையானாலும் பெல்ட்டு டேங்க் வண்டிச் சங்கிலியாட்டம் தரைல உருண்டு வந்தே ஆவணும், அதான் அச்சு ஒசரத்த நம்பக் கூடாது. அப்பாரு கட்டல்ல சாஞ்சுட்டே "ஏண்டா கண்ணு, காரு ஓட்டறதுக்கா, தள்ளறதுக்கா?"ன்னாரு.

அடுத்தது ரேஷியோ. இங்கதான் மானம் போச்சு. மூணு பிளக்கையும் கழட்டிட்டா எஞ்சின் லேசா சுத்தும், நாலாவது கியரப் போட்டு, முன்னாடி ஒரு சக்கரத்த ஜாக்கில தூக்கி, எஞ்சினோட சேந்து சுத்தற கிராங்க் புல்லில வெள்ள பெயிண்டுல ஒரு கோடு போட்டேன். நான் சக்கரத்தச் சுத்த, பையன் குனிஞ்சு புல்லிக் கோட்ட எண்ணுனான். சக்கரம் பத்து சுத்து, எஞ்சின் பத்தொம்பதரைக்குக் கொஞ்சம் மேல. ரேஷியோ 1.96. எஞ்சினுக்கு முழு பவரு 5000 ஆர்பிஎம்ல, அதப் போட்டு, அவசரத்துல புத்தகக் கணக்கு 1.595அயே போட்டு கால்குலேட்டரத் தட்டுனா 244 கிலோமீட்டர். மாருதி 800ங்க. பையன் மூஞ்சியப் பாக்கணுமே, அவன் நம்பிட்டான்.

எங்கியோ தப்புன்னு ரெண்டு சக்கரத்தையும் தூக்கிட்டு மறுபடி சுத்துனேன், இந்தச் சக்கரத்த முன்னால சுத்துனா அந்தச் சக்கரம் பின்னால சுத்துது, எஞ்சின் பொட்டாட்ட நிக்குது. அப்பத்தான் மண்டைல ஒறச்சுது, டிஃபரன்சியல்! ஒரு சக்கரம் தரைல நின்னுட்டா தூக்குன சக்கரம் ரெண்டு மடங்கு சுத்தும், ரெண்டு சக்கரத்தோட சராசரிதான் டிஃபரன்சியல் கூடு சுத்தற சுத்து. ரோட்டுல ரெண்டும் சேந்து சுத்தும், அதனால 1.96அ ரெண்டால பெருக்கணும், 3.92. வருசக் கணக்கா கியர் வெட்டறவன் இதுல ஏமாந்தத ஒர்க்ஷாப்புல சொல்லவே இல்லீங்க. மூணாவது கியரையும் இதே மாதிரி எண்ணுனேன், 5.8.

ரெண்டு நம்பரும் சேந்தா டாப் கியர்ல 1000 ஆர்பிஎம்முக்கு 23.6 கிலோமீட்டர். 5000ல 118. மாப்ள சொல்ற 150க்கு என்ற வண்டில எஞ்சின் 6350க்கு மேல கத்தோணும்.

கணக்கு சரியான்னு ஓட்டிப் பாக்கோணுமே. 130, 140ன்னு ரோட்டுல மெரட்டிப் பாக்கற வேலையெல்லாம் நமக்கு ஆகாதுங்க, பொண்டு புள்ளைங்க இருக்குது. அதுக்கு அவசியமும் இல்ல, 60, 70ல ஆர்பிஎம்மும் வேகமும் பொருந்துனாலே போதும், ரேஷியோ எங்கயும் ஒண்ணுதான். ஆனா 800ல டேக்கோமீட்டர் (ஆர்பிஎம் காட்டற மீட்டர்) கெடையாது. இதுக்கு ஒரு வழி புடிச்சேன், எனக்கே பெருமையா இருந்துச்சு. மூணு சிலிண்டர், ஃபோர் ஸ்ட்ரோக், அப்ப ரெண்டு சுத்துக்கு மூணு வெடி. போன்ல சத்தத்தோட ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு எத்தன துடிப்புன்னு காட்டற ஆப் இருக்குது, அதுல வர்ற நம்பர 40ஆல பெருக்குனா ஆர்பிஎம். 75 ஹெர்ட்ஸ்னா 3000. ஒரு போன்ல ஆப்பு, இன்னொரு போன்ல ஜிபிஎஸ், பையன் ரெண்டையும் மடில வெச்சுட்டு நோட்டுல எழுதுனான். பல்லடத்துல இருந்து உடுமலை ரோடு, விடியால ஆறு மணி. ஜிபிஎஸ் 66ல 70 ஹெர்ட்ஸ், 80ல 84.5. கணக்குப்படி 69.9, 84.7. வண்டிய ஓரமா நிறுத்தி டீ குடிச்சோம், வேற என்ன பண்றது.

ஜிபிஎஸ் 66 காட்டறப்ப டேஷ்போர்டு முள்ளு 70ல நின்னுச்சு. இது ரிப்பேரு இல்லீங்க, உண்மையான வேகத்த விடக் கொறச்சுக் காட்டக் கூடாது, கூட்டிக் காட்டலாம், அதுவும் பத்து சதவீதமும் மேல ஒரு 4 கிலோமீட்டரும் வரைக்கும்னு ஐநா ஸ்பீடோமீட்டர் விதியே இருக்குது, எண் 39. அதனால கம்பெனிக்காரங்க எப்பவுமே கொஞ்சம் தூக்கித்தான் வெப்பாங்க. "நான் 120 போனேன்"னு சொல்றவங்க பாதிப் பேரு 112 தான் போயிருப்பாங்க.

இப்ப மாப்ள வண்டி. 145/70 ஆர்13, விட்டம் 533 மில்லி, அஞ்சு சதவீதம் பெருசு. 1000 ஆர்பிஎம்முக்கு 24.8 கிலோமீட்டர். காகிதத்துல பாத்தா 5000ல 124, அவரு செயிச்சாப்லதான். ஆனா காகிதத்துல காத்து இல்லீங்களே. 37 குதிரை, அதுல சக்கரத்துக்குப் போறதுக்குள்ளயே கொஞ்சம் தின்னுரும். காத்தத் தள்றதுக்கு வேண்டிய பவரு வேகத்தோட கனத்துல, அதாவது வேகம் x வேகம் x வேகம்னு ஏறுது, 100ல இருந்து 120 போவ 1.73 மடங்கு, 150 போவ 3.4 மடங்கு. அந்த 3.4 மடங்கு எங்கிருந்து வரும்? இதே 796 சிசி எஞ்சின வெச்சுத்தான் நம்மூரு கரிவரதன் ஃபார்முலா மாருதி ரேஸ் காரு கட்டுனாரு, அது தரையோட தரையா ஒட்டிப் போற ஒத்தை ஆளு வண்டி. நம்மளுது ஒசந்து நிக்கற டப்பா. ஸ்டாக் டயர்ல முழு பவரு வர்ற 118, வண்டி காத்தோட மல்லுக்கட்டி நிக்கற எடத்துக்கு ஏறக்குறைய பக்கத்துலயே இருக்குது, கம்பெனிக்காரன் தெரிஞ்சுதான் வெச்சிருக்கான். சக்கரத்தப் பெருசாக்குனா அதே 118ல எஞ்சின் 4760ல இழுக்கும், தரையத் தள்ற விசை எல்லா கியர்லயும் அஞ்சு சதவீதம் கொறஞ்சுரும். டாப் ஸ்பீடு ஏறாது, எறங்குனாலும் எறங்கும். வால்பாறை ஏறறப்ப, நாப்பது கொண்டை ஊசில பாதி ஃபர்ஸ்ட் கியர்ல போவ வேண்டியிருந்துச்சுன்னு தங்கச்சியே போட்டுக் குடுத்துருச்சு. மைலேஜ் வேற கொறஞ்சு போச்சுன்னு மாப்ள பொலம்பிட்டிருந்தாரு, அதுல கொஞ்சம் பொய்க் கணக்குங்க, சக்கரம் பெருசானா மீட்டர் ஓடறதும் அஞ்சு சதவீதம் கம்மியாத்தான் காட்டும்.

இதோட முடிஞ்சிருக்கோணும். வைகாசி கடைசில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து எறங்கிருச்சு, காத்தாடியெல்லாம் சும்மா கிர்ருன்னு சுத்துது. எதிர்க்காத்துல அந்த நம்பரு மாறுமான்னு பாக்கத் தோணுச்சு. மாறக் கூடாதுங்க, காத்து அடிச்சா ஆக்சிலேட்டர நெறையா மிதிக்க வேண்டி வரும், ஆனா எஞ்சினும் சக்கரமும் பல்லோட பல்லாக் கோத்திருக்குது, 23.6 எங்க போவும். மட்டத்துல பாத்தேன், மாறல. ஒரு மேட்டுல, மேற்கால பாத்து, டாப் கியர்ல ஃபுல்லா மிதிச்சு, ஜிபிஎஸ் 74லயே ஏறாம எறங்காம நிக்கறப்ப 82 ஹெர்ட்ஸ் காட்டுச்சு. 78.4 வரோணும். பையன் தப்பா எழுதிட்டான்னு திட்டிட்டு மூணு தடவ திரும்பி வந்து ஏறுனேன், மூணு தடவையும் 82ஐ ஒட்டியே. எஞ்சின் நாலரை சதவீதம் கூடுதலா சுத்துது, சக்கரத்துக்கு வரல. பல்லு வழுக்காது. வழுக்கறது ஒண்ணே ஒண்ணுதான்.

மெக்கானிக்கிட்ட கிளட்சு போச்சுன்னேன், ஓட்டிப் பாத்துட்டு நல்லாத்தானே இருக்குதுன்னாரு. நோட்டக் காட்டுனேன், என்னைய ஒரு மாதிரி பாத்தாரு. கழட்டுனப்ப பிளேட்டு ரிவெட்டத் தொடற அளவுக்குத் தேஞ்சிருந்துச்சு, கிளட்சு மேல கால வெச்சுட்டே ஓட்டற என்ற பழக்கத்தாலதான், வேற யாரையும் சொல்லிப் பிரயோசனமில்ல.

புது பிளேட்டு போட்டு போன ஞாயித்துக்கெழம அதே மேடு, அதே காத்து, அதே 74. 78.5 ஹெர்ட்ஸ். மாப்ளைக்குப் போனப் போட்டு களத்துச் சுண்ணாம்புல இருந்து கிளட்சு வரைக்கும் ஒண்ணு விடாம சொன்னேன். பொறுமையாக் கேட்டுட்டு, "செரிங் மச்சா, அப்ப 14 இஞ்சு போட்டா?"ன்னாரு.